மீட்பனுக்குக் காப்புக் கட்டிய ஊர்

செவல்குளத்தில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிய செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று பத்துக்கு, பாண்டிச்செல்வி நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டாவது தடவையாக மீட்பனைக் கொல்லப் போனபோது, அவன் மலையுச்சியில் நின்று திரும்பிப் பார்த்து, வாளைக் கீழே வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் திரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வெளியே எடுத்து வைத்தான். கால் பட்டுக் கவிழ்ந்துவிடுமே என்று அவள் தண்ணீர்ச் சொம்பை எடுத்து ஓரமாக வைத்தாள். கீபோர்டையும் நகர்த்திக் கொடுத்தாள். இன்னொரு காலும் வந்தது, பிறகு தோள் வந்தது, தலை வந்தது, தலைக்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒளிவட்டம் வந்தது, தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் ஒரே ஒரு சிவப்பு இதயம் மிதந்துகொண்டு வந்தது. எல்லாம் வந்து சேர்ந்த பிறகு அவன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: “இன்று ஒரு நாள் மட்டும் என்னை விட்டுவிடுங்கள்.”

“அதுக்கென்ன, உக்காருங்க” என்று பாண்டிச்செல்வி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஒருவனை அத்தனை தடவை கொன்றவளுக்கு வேறென்ன சொல்ல வாய் வரும்?

அவளுக்கு அதுதான் வேலை. சென்னையில் இருந்த ஒரு கம்பெனி ‘ஏழாம் மீட்பன்’ என்று ஒரு வீடியோ கேம் தயார்செய்துகொண்டிருந்தது. அது வெளியே போகுமுன் அதில் எங்கே பிசகு இருக்கிறது என்று விளையாடி விளையாடிப் பார்த்துச் சொல்ல முப்பத்தொரு வயதான பாண்டிச்செல்வியைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. அவளும் தேரடித் தெருவில் அப்பா விட்டுப்போன வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, மீட்பனைப் பாறையிலிருந்து தள்ளுவாள், ஆற்றில் முக்குவாள், சுவரில் முட்டவைப்பாள், ஒவ்வொன்றையும் அறிக்கையில் எழுதுவாள். கடைசிக் கட்டம் மட்டும் எப்போதும் ஒன்றுதான். கருவெள்ளம் ஏறி நகரத்தை மூடப் போகும், மூவாயிரம் சனம் கைகூப்பி நிற்கும், மீட்பன் தனியாளாக மலையேறுவான், அவள் பொத்தானை அழுத்துவாள், வானத்திலிருந்து இடி இறங்கும், அவன் சாவான், வெள்ளம் வடியும். அவள் அறிக்கையில் எழுதுவாள்: ‘நாயகன் இறக்கிறான். சரியாக வேலை செய்கிறது.’ எழுதிவிட்டு, மறுபடியும் அவனை உயிர்ப்பித்து, மறுபடியும் மலையேற்றுவாள். ஊரில் யாராவது அவளிடம் என்ன வேலை என்று கேட்டால், “சாவடிக்கிற வேலை” என்று சிரிப்பாள். ஆனால் மூன்று மாதமாகவே அந்த வாக்கியத்தை எழுதும்போது அவள் நெஞ்சில் முள் மாதிரி ஒன்று குத்திக்கொண்டிருந்தது என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

மீட்பனை உண்டாக்கியவர்கள் பலே ஆட்கள். ஏசி அறையில் ஆறு பேர் உட்கார்ந்து, உலகத்தில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனும் இந்த விளையாட்டை வாங்காமல் போய்விடக் கூடாது என்று, பிறக்கும்போது வானத்தில் ஒரு நட்சத்திரம், குழந்தையாக இருக்கும்போது கூடையில் வைத்து ஆற்றில் விட்டது, வளர்ந்தபின் கூட இருந்தவனே காட்டிக்கொடுத்தது, விலாவில் ஈட்டி குத்திய தழும்பு, உள்ளங்கையில் சக்கர ரேகை, கையில் மூன்று முனை வாள், கால் வைத்த இடத்தில் தாமரை என்று கடையில் இருந்த மசாலா அத்தனையையும் ஒரே குழம்பில் கொட்டியிருந்தார்கள். கொட்டியதில் ஒன்றைத்தான் மறந்துவிட்டார்கள். அவனுக்குத் தாய் கிடையாது, கூடப் பிறந்தவர் கிடையாது, பேர் சொல்லிக் கூப்பிட ஒரு வீட்டு வாசல் கிடையாது. உலகத்தைக் காப்பாற்றுகிறவனுக்கு அதெல்லாம் எதற்கு என்று விட்டிருப்பார்கள்.

இருநூற்றுப் பதினோராவது சோதனையில் பாண்டிச்செல்வி ஒரு பிசகைக் கண்டுபிடித்ததையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தொங்குபாலம் அறுந்து மீட்பன் விழுந்தபோது, அதே கயிற்றில் ஒரு கழுதையும் மாட்டிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பாதி அடி, கழுதைக்குப் பாதி அடி. ‘கயிற்றை எத்தனை பேர் பிடித்திருந்தாலும் அடி அத்தனை பங்காகப் பிரிகிறது’ என்று எழுதி அனுப்பினாள். கம்பெனியின் மேலாளர் நிரஞ்சன் பதில் போட்டார்: ‘மீட்பன் தனியாள். அவனோடு யார் கயிறு பிடிக்கப்போகிறார்கள்? விட்டுவிடுங்கள்.’ அவளும் விட்டுவிட்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்த மீட்பன் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் தெருவில் உறுமிச் சத்தம் கேட்டது. பூசாரி சடையாண்டி மஞ்சள் கயிற்றுத் தட்டோடு வீடு வீடாக வந்துகொண்டிருந்தார். செவல்குளத்தில் காப்பு என்பது சாமி கும்பிடுகிறவனுக்கு மட்டும் கட்டுவதல்ல. அன்றைக்கு ஊருக்குள் யார் இருக்கிறார்களோ அத்தனை பேர் கையையும் பூசாரி கேட்பார். வேண்டாம் என்று சொல்கிறவர்களை விட்டுவிடுவார். கட்டிக்கொண்டால் பத்தாம் நாள் தேர் நிலைக்கு வந்து காப்பு அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். சடையாண்டி வாசலில் நின்று, “யாரு செல்வி, விருந்தாளியா?” என்றார்.

“ஆமா மாமா, வேலை செய்ற எடத்துலருந்து.”

“கையக் காட்டுங்க தம்பி.”

நீட்டச் சொன்னால் நீட்டித்தான் அவனுக்குப் பழக்கம். நீட்டினான், அவர் கட்டினார், நெற்றியில் திருநீறு பூசினார், ஒளிவட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பூசினார். கட்டி முடித்த பிறகுதான் பாண்டிச்செல்விக்கு உறைத்தது. ‘ஒரு நாள்’ என்று கேட்டு வந்தவனை ஊர் பத்து நாளைக்குப் பிடித்துவைத்துவிட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவன் எப்படி வந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தத் தெருவோடு சேர்ப்பது என்றுதான் கேட்டார்கள். மாதாகோயில் தெருவிலிருந்து உபதேசியார் ஞானதிரவியம் குடையோடு வந்து, விலாத் தழும்பை வெகுநேரம் பார்த்து, கண்கலங்கி, “எங்க தெருவுக்கு ஒரு நாள் அனுப்பி வைங்கம்மா” என்றார். கோயில் தெருக்காரர்கள் மூன்று முனை வாளைத் தொட்டுக் கும்பிட்டு, குலசாமிக்கு இதே மாதிரி ஒன்று இருந்தது, களவு போய்விட்டது என்றார்கள். பள்ளிவாசல் தெருவில் புரோட்டாக் கடை வைத்திருந்த சுல்தான் பீவி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, “எந்தத் தெருவா வேணா இருக்கட்டும், அந்தப் புள்ள சாப்ட்டுச்சான்னு ஒருத்தராச்சும் கேட்டீகளா?” என்று ஒரு சத்தம் போட்டாள். ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அவள் வைத்த எட்டுப் புரோட்டாவையும் அவன் சாப்பிட்டான், சால்னாவை மூன்று தடவை கேட்டு வாங்கினான், பிறந்ததிலிருந்து பசியோடு இருந்தவன் மாதிரி சாப்பிட்டான், அதுதான் உண்மையும்கூட.

ஆக, சாமிக்கு எப்படி மண்டகப்படி பிரிக்கிறார்களோ, ஒரு நாளைக்கு ஒரு தெருவென்று பூவும் மேளமும் சாப்பாடும் ஏற்றுக்கொள்கிறார்களோ, அதே மாதிரி மீட்பனையும் பிரித்துக்கொண்டார்கள். புதன்கிழமை நெசவுத் தெருவில் கரண்ட் போனபோது அவன் ஒளிவட்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பெண்கள் அறுந்த இழைகளைக் கோத்தார்கள். வியாழக்கிழமை குழாயடியில் வரிசையில் நின்று, “தாயே, இது தங்கள் குடமா?” என்று அவன் கேட்டதைச் சொல்லிச் சொல்லித் தெருவே சிரித்தது. வெள்ளிக்கிழமை அவன் நடந்த இடமெல்லாம் தாமரை பூத்து, காலையில் வாசல் தெளிக்க வந்தவர்கள், “ஒரு எடம் விடமாட்டேங்குறாரே, கோலத்த எங்கிட்டுப் போட?” என்று திட்டிக்கொண்டே பறித்துக் கோயிலுக்கும் மாதாவுக்கும் பங்குவைத்தார்கள். சனிக்கிழமை தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினான், ஞாயிற்றுக்கிழமை தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை செதுக்கும் மாதாகோயில் தெருத் தச்சர்களோடு சேர்ந்து கட்டை செதுக்கினான், அதே நாள் மாலையில் பள்ளிவாசல் தெருவில் தேர்வடம் முறுக்குகிறவர்களோடு சேர்ந்து வடம் முறுக்கினான், ஏனென்றால் செவல்குளத்து அம்மன் தேருக்கு என்றைக்கும் கட்டை அந்தத் தெருவிலிருந்தும் வடம் இந்தத் தெருவிலிருந்தும்தான் வரும். அவனிடம் ஒருவரும் அற்புதம் கேட்கவில்லை என்று சொன்னால் பொய். கேட்டார்கள். ஆனால் கேட்டவர்கள் அவன் தலைக்கு மேலிருந்த, மிச்ச உயிரைக் காட்டும் ஒற்றை இதயத்தைப் பார்த்ததும், “சரி சரி, நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாண்டிச்செல்விக்கு அந்த ஆறு நாளும் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. தன் விரல்களால் செத்துக்கொண்டே இருந்தவன் தெருவில் சிரித்துக்கொண்டு திரிகிறான்! ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவை அவள் திரையைப் பார்த்தாக வேண்டியிருந்தது. அங்கே மலை காலியாகக் கிடந்தது. கருவெள்ளம் வழக்கம்போல ஏறிக்கொண்டிருந்தது. கைகூப்பி நின்ற மூவாயிரம் சனமும் கைகூப்பியபடியே நின்றார்கள், வேறொன்றும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. புதன்கிழமை கணுக்கால், வெள்ளிக்கிழமை முழங்கால், ஞாயிற்றுக்கிழமை இடுப்பு.

திங்கட்கிழமை நிரஞ்சன் போன் பண்ணினார். “செல்வி, எந்த கம்ப்யூட்டர்லயும் ஹீரோவ காணோம். உங்ககிட்டயா இருக்கார்?”

“இங்கதான் சார், கட்டை செதுக்கப் போயிருக்காரு.”

“சரி, வெள்ளிக்கிழமை ரிலீஸ். அதுக்குள்ள அனுப்பி வச்சிருங்க. கடைசிக் கட்டத்தை ஒரு தடவை முடிச்சு ரிப்போர்ட் குடுத்துட்டா போதும்.”

“சார், வெளிய வந்துட்ட பெறகு அவருக்கு ஒரு உயிர்தான் பாக்கி இருக்கு, போனா திருப்பிக் கொண்டுவர முடியாது.”

“ஒண்ணுதானே வேணும்?” என்றார் நிரஞ்சன்.

அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது மீட்பன் வாசலில் நின்றிருந்தான். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளம் நெஞ்சுக்கு வந்திருந்தது. “அவர்களுக்கு நீந்தத் தெரியாது” என்றான். “நான் போக வேண்டும். ஆனால், செல்வி அக்கா, எனக்குப் போகப் பிடிக்கவில்லை.” அவன் அக்கா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பாண்டிச்செல்வி அடுப்படிக்குள் போய்ச் சத்தம் வராமல் அழுதாள். அவனை அனுப்பினால் அவன் போய்விடுவான், அனுப்பாவிட்டால் அத்தனை சனமும் போய்விடும், பொத்தானை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் பழி அவள் விரலுக்குத்தான்.

புதன்கிழமை மதியம், ஒன்பதாம் நாள், கோயில் வாசலில் ஊர் கூடியது. முதலில் எழுந்த கேள்வி செவல்குளத்துக்கே உரியது: காப்புக் கட்டிய ஆள் கம்ப்யூட்டருக்குள் போனால் அது எல்லை தாண்டியதாகுமா, ஆகாதா? ஒரு கட்சி, கம்ப்யூட்டர் தேரடித் தெருவில்தான் இருக்கிறது, ஆகவே தாண்டவில்லை என்றது. இன்னொரு கட்சி, உள்ளே மலையிருக்கிறது, கடல் மாதிரி வெள்ளம் இருக்கிறது, அங்கே செவல்குளம் பஸ் போகுமா என்று கேட்டது. ஒரு மணி நேரம் அடிபிடியாகப் பேசி, அது வெளியூர்தான் என்று முடிவானது. காப்பை இப்போதே அவிழ்த்து அனுப்பிவிடலாமே என்றார் ஒருவர். அப்போதுதான் பாண்டிச்செல்வி எழுந்து, போனால் என்ன நடக்கும் என்பதை முழுசாகச் சொன்னாள். இடி இறங்கும், அதன் வலு ஆயிரம், அவனுடைய ஒரு இதயம் தாங்குவது நூறு.

சடையாண்டி கோபமாக எழுந்தார். “ஏம்ப்பா, அம்மனுக்கே பத்து நாளும் ஒரே தெருக்காரன் மண்டகப்படி எடுக்கிறதில்ல. நாள் நாளாப் பிரிச்சு, தெருத் தெருவாப் பிரிச்சு எடுக்கோம். இந்தப் புள்ள மட்டும் மொத்தத்தையும் ஒத்தையில எடுக்கணும்னு எவன் எழுதி வச்சான்? அதயும் பிரிங்கங்கிறேன்!”

“மாமா, இடியவா? அதை எப்பிடிப் பிரிக்க?” என்று யாரோ சிரித்தார்கள்.

பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. கழுதை! தொங்குபாலத்துக் கழுதை! “மாமா, பிரிக்கலாம்! கயிறு! ஒரே கயித்த எத்தன பேரு பிடிச்சிருந்தாலும் அடி அத்தன பங்காப் பிரியும், நான் எழுதியே குடுத்துருக்கேன், அவங்க விட்டுருங்கன்னாங்க!” என்று அவள் கத்திய கத்தலில் கோயில் புறா எல்லாம் பறந்தது. சுல்தான் பீவி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். “கயிறுதானே? எங்க தெருவுல முறுக்கி வச்சது எதுக்கு இருக்கு? ரெண்டு வடம், ஒவ்வொண்ணும் ஆயிரம் அடி. முடிச்சுப் போட்டா எல்லாக் கைக்கும் எடம் இருக்கும்.”

எல்லைப் பிரச்சினையும் அதே மூச்சில் தீர்ந்தது. தேர்வடத்தின் ஒரு முனை செவல்குளத்து மண்ணில் இருக்கும்வரை மறுமுனையைப் பிடித்திருக்கிறவன் செவல்குளத்தில்தான் இருக்கிறான் என்று தீர்மானம் எழுதி எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள்.

பத்தாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு, அலங்கரித்த தேர் நிலையிலேயே நிற்க, அதன் வடம் பாண்டிச்செல்வியின் சன்னல் வழியாக முன்னறைக்குள் வந்து, மீட்பனின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. வெளியே தேரடித் தெரு முழுக்க, நெசவுத் தெரு திரும்பி, தீப்பெட்டி ஆபீசைத் தாண்டி, குளத்தங்கரைவரைக்கும் வடம் போனது. அதன் நெடுக இரண்டாயிரத்து நானூறு பேர் பிடித்திருந்தார்கள். காப்புக் கட்டிய கைகளும் கட்டாத கைகளும் அதில் கலந்து இருந்தன. ஞானதிரவியம் குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மீட்பன் திரையின் விளிம்பில் கால் வைத்துத் திரும்பினான். “போய்ட்டு வாரேன் அக்கா” என்றான். ஒன்பது நாளில் அவன் பேச்சு அப்படி மாறியிருந்தது.

உள்ளே வெள்ளம் சனங்களின் தாடைக்கு வந்திருந்தது. அவன் மலையேறினான், வடம் பின்னால் ஏறியது. பாண்டிச்செல்வி ஒரு கையால் வடத்தைச் சேர்த்துப் பிடித்து, மறுகையால் மைக்கை வாய்க்கருகே வைத்துக்கொண்டு ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள்: “பாதி ஏறிட்டாரு! பாறையத் தாண்டிட்டாரு! உச்சிக்குப் போய்ட்டாரு! வானம் கறுக்குது! எல்லாரும் பிடிங்க, விட்றாதீங்க, யாரும் விட்றாதீங்க!” மைக்கை வைத்துவிட்டு, நாலாயிரத்து முந்நூற்றுப் பதினோரு தடவை அழுத்திய பொத்தான் மேல் விரலை வைத்தாள். அழுத்தினாள்.

இடி இறங்கியது. செவல்குளத்தில் இரண்டாயிரத்து நானூறு பேரின் உள்ளங்கைகளில், எரிந்த தீக்குச்சியைத் தொட்ட அளவுக்கு, சுரீர் என்றது. “ஆ!” என்று ஊர் முழுக்க ஒரே குரலாகக் கத்தியது, கத்திவிட்டுச் சிரித்தது, அவ்வளவுதானா என்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது, ஒருத்தரும் கையை விடவில்லை. திரையில் மீட்பன் தலைக்கு மேல் இதயம் ஒரு தடவை துடித்தது, ஓரத்தில் மயிரிழை அளவு கீறல் விழுந்தது, அப்படியே நின்றது. அவன் நின்றான்! பாண்டிச்செல்வியால் மைக்கை எடுத்து, “நிக்கிறாரு! நிக்கிறாரு!” என்று மட்டும்தான் கத்த முடிந்தது.

உறுமி கிளம்பியது, குலவை கிளம்பியது, மாதாகோயில் மணி அடித்தது. வடத்தைப் பிடித்தபடியே நின்ற ஞானதிரவியம் தன் உள்ளங்கைப் புள்ளியைப் பார்த்துப் பார்த்துத் தேம்பினார். பக்கத்தில் நின்ற சுல்தான் பீவி, “ஏன் உபதேசியாரே, ரொம்பச் சுட்ருச்சா?” என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். “இல்லம்மா. எங்க ஆண்டவருக்கு அன்னைக்கு இப்பிடி ஒரு கயிறு பிடிக்க ஆளில்லாமப் போச்சே” என்றார். அவள் அவர் குடையை வாங்கித் தன் அக்குளில் வைத்துக்கொண்டாள், அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று.

திரையில் இன்னொன்றும் நடந்தது, அதைப் பாண்டிச்செல்வி மட்டும்தான் பார்த்தாள். வெள்ளம் வடிந்து, நனைந்து நின்ற மூவாயிரம் சனத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு பெண், கைகூப்புவதைத் தவிர ஒன்றும் தெரியாதவள், மலையிலிருந்து இறங்கிக் கிடந்த வடத்தைப் பார்த்தாள். கூப்பிய கையைப் பிரித்தாள். குனிந்து வடத்தை எடுத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவன் எடுத்தான், அவனைப் பார்த்து அடுத்தவள். மீட்பன் அவர்கள் நடுவே இறங்கிப் போய், ஒவ்வொருவரிடமும் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று மாலை காப்பு அவிழ்த்தபோது அவன் வரவில்லை. அங்கே சேறு அள்ளவேண்டிய வேலை கிடக்கிறதென்று திரையருகே வந்து சொல்லிவிட்டுப் போனான், கையில் மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது. கடைசிக் காப்பு அவிழாமல் திருவிழாக் கொடி இறக்கக் கூடாது என்பது செவல்குளத்து விதி. கொடிமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற சடையாண்டியிடம், “மறந்துட்டீகளா மாமா?” என்று பாண்டிச்செல்வி கேட்டாள்.

“மறப்பனா?” என்றார் சடையாண்டி. “அவுத்துவிட்டா வெளியூர்க்காரனாப் போயிருவான். கெடக்கட்டும். திருவிழா முடியலன்னு வச்சுக்குவோம்.”

அந்தக் கொடி இன்றைக்கும் பறக்கிறது. வேறு ஊரிலிருந்து வருகிறவர்கள் எந்த மாதத்தில் வந்தாலும், செவல்குளத்தில் என்ன திருவிழா என்று கேட்கிறார்கள்.

பாண்டிச்செல்வி வீட்டுக்குத் திரும்பினாள். நிரஞ்சன் மூன்று தடவை போன் பண்ணியிருந்தார். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, சுட்ட உள்ளங்கையை ஒரு தடவை ஊதிக்கொண்டு, நாலாயிரத்து முந்நூற்றுப் பதின்மூன்றாவது சோதனை என்று போட்டு, பக்கத்தில் எழுதினாள்: ‘நாயகன் இறக்கவில்லை. சரியாக வேலை செய்கிறது.’